"ஸ்டார் கொடுங்க" என்றால் எந்த ஸ்டார்? ஸ்க்ரூ டிரைவர் வகைகள் பற்றி ஓர் எளிய விளக்கம்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வேளச்சேரியிலிருந்து சித்தப்பா பையன் போன் செய்தான். "அண்ணா, கப்போர்டு கதவு தொங்குது. ஹிஞ்ச் ஸ்க்ரூவை டைட் பண்ணலாம்னு பார்த்தா மரை போயிடுச்சு. தெரிஞ்ச கார்பென்டர் யாராவது இருக்காங்களா?" என்றான். நேரில் போய்ப் பார்த்தேன். மரைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஸ்க்ரூ தலையில் இருக்கிற கூட்டல் குறிப் பள்ளம்தான் வழித்தெடுத்த மாதிரி வட்டமாகிக் கிடந்தது. அவன் கையில் இருந்ததும் தரமான ஸ்க்ரூ டிரைவர்தான், தெருமுனை ஹார்டுவேர் கடையில் "ஸ்டார் கொடுங்க" என்று கேட்டு வாங்கியது. ஆனால் அந்த ஸ்க்ரூவுக்கு அது ஜோடி இல்லை.

நம்மூரில் ஸ்க்ரூ டிரைவர் என்றால் மைனஸ், ஸ்டார் என்று இரண்டே பெயர்தான். ஸ்டார் என்ற ஒரு சொல்லுக்குள் குறைந்தது நான்கு தனித்தனி வடிவங்கள் ஒளிந்திருக்கின்றன, ஒவ்வொன்றிலும் நாலைந்து அளவு வேறு. இது தெரியாததால் நல்ல ஸ்க்ரூவெல்லாம் வீணாகிறது, கை கிழிகிறது, ஐந்து நிமிட வேலைக்கு ஆள் கூப்பிட வேண்டியிருக்கிறது. அதனால் அடியிலிருந்து சொல்லிக்கொண்டு வருகிறேன். ஸ்க்ரூ டிரைவரையே தொடாதவர்களுக்கும் புரிய வேண்டும் என்பதுதான் என் எண்ணம்.

## முதலில் ஸ்க்ரூ

திருகாணி என்றால் நம் வீடுகளில் முதலில் நினைவுக்கு வருவது கம்மல் திருகாணிதான். அதைத் தொலைத்துவிட்டு வீடு முழுக்கப் பெருக்கித் தேடாத குடும்பம் உண்டா? அந்தச் சின்னத் தங்கத் திருகாணியும் கதவுத் தாழ்ப்பாளைப் பிடித்திருக்கிற ஸ்க்ரூவும் ஒரே தத்துவத்தில்தான் வேலை செய்கின்றன.

பரங்கிமலை உச்சிக்குப் படியேறிப் போகலாம், வண்டி போகிற சாலையிலும் போகலாம். படியில் தூரம் குறைவு, மூச்சு வாங்கும். சாலையில் தூரம் அதிகம், ஆனால் ஏறுவதே தெரியாது. அந்தச் சாலையைப் போல ஒரு சரிவை எடுத்து, ஒரு கம்பியைச் சுற்றி மேலிருந்து கீழ்வரை வளைத்து வைத்தால் எப்படி இருக்கும்? அதுதான் மரை. ஸ்க்ரூவை ஒரு முழுச் சுற்று திருப்பினால் அது ஒரு மில்லிமீட்டரோ இரண்டு மில்லிமீட்டரோதான் உள்ளே இறங்கும், ஆனால் அந்தச் சின்ன நகர்வில் பெரிய இறுக்கம் கிடைக்கும். ஆணியை அடித்து இறக்குகிறோம், ஸ்க்ரூவைச் சுற்ற வைத்து இறக்குகிறோம். சுற்ற வைக்கப் பிடிமானம் வேண்டுமே, அதற்காகத்தான் தலையில் பள்ளம் வெட்டியிருக்கிறார்கள். அந்தப் பள்ளத்துக்குள் உட்காருகிற ஸ்க்ரூ டிரைவர் நுனியை இனி முனை என்று சொல்கிறேன்.

பெரும்பாலும் வலப்பக்கம், அதாவது கடிகார முள் சுற்றுகிற பக்கம் திருப்பினால் இறுகும், இடப்பக்கம் திருப்பினால் கழலும். சில இடங்களில் மட்டும் தலைகீழ். டேபிள் ஃபேன் இறக்கையைப் பிடித்திருக்கிற மூடி, சைக்கிளின் இடது பெடல் இரண்டுமே வழக்கமாக எதிர் மரைதான். ஓடுகிற ஓட்டத்தில் தானாகக் கழன்றுவிடக் கூடாது என்று அப்படி வைத்திருக்கிறார்கள். தெரியாமல் வழக்கம் போல இடப்பக்கம் முறுக்கினால் இன்னும் இறுகிக்கொண்டேதான் போகும்.

இப்போது அந்தப் போன் பேச்சுக்கு வருகிறேன். எது கெட்டாலும் "மரை போச்சு" என்று சொல்வது நம் வழக்கம். உண்மையில் கெடுவது இரண்டு வேறு இடங்கள். ஸ்க்ரூ டிரைவரோடு சேர்ந்து ஸ்க்ரூவும் சுற்றுகிறது, ஆனால் இறுகவும் இல்லை, வெளியே வரவும் இல்லை என்றால் மரை போயிருக்கிறது. ஸ்க்ரூ அசையாமல் நிற்கிறது, ஸ்க்ரூ டிரைவர் மட்டும் தலையில் வழுக்கிக்கொண்டு சுற்றுகிறது என்றால் தலை போயிருக்கிறது. மரத்தில் மரை போனால் ஓட்டைக்குள் ஃபெவிகால் தடவிய தீக்குச்சி நாலைந்தை நெருக்கிச் செருகிக் காயவிட்டு அதே ஸ்க்ரூவை மறுபடி ஏற்றலாம், இல்லை ஒரு சைஸ் பெரிய ஸ்க்ரூ போடலாம். தலை போனதற்குத் தீக்குச்சி உதவாது, அது வேறு வைத்தியம், கடைசியில் சொல்கிறேன். என் அனுபவத்தில் வீட்டில் கெடுவதில் பெரும்பகுதி தலைதான். அது கெடுவதற்குக் காரணம் பெரும்பாலும் தப்பான முனை, அல்லது சரியான முனையைத் தப்பாகப் பிடித்தது.

## பலம் எங்கிருந்து வருகிறது

நீளமான ஸ்க்ரூ டிரைவர் வாங்கினால் பலம் அதிகம் கிடைக்கும் என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். ஸ்பேனருக்கு அது சரி. ஸ்க்ரூ டிரைவருக்குச் சரி இல்லை.

ஒரு பொருளைச் சுற்ற வைக்கிற பலத்துக்குத் திருப்புவிசை என்று பெயர். கதவைக் கைப்பிடிப் பக்கம் தள்ளினால் ஒரு விரல் போதும், கீல் பக்கம் தள்ளினால் தோள் கொடுக்க வேண்டும். சுழல்கிற மையத்திலிருந்து எவ்வளவு தள்ளிப் பலம் கொடுக்கிறோமோ அவ்வளவு திருப்புவிசை. ஸ்க்ரூ டிரைவரில் மையம் எது? நடுவில் ஓடுகிற கம்பி. நம் கை எவ்வளவு தள்ளி இருக்கிறது? கைப்பிடியின் பருமனில் பாதி. ஆகவே பலம் கொடுப்பது கைப்பிடியின் தடிமன். கம்பி ஒரு அடி நீளம் இருந்தாலும் ஒரு சாண் இருந்தாலும் ஸ்க்ரூவுக்குப் போய்ச் சேருகிற திருப்புவிசை ஒன்றேதான். நீளக் கம்பிக்கு வேறு பயன்கள் உண்டு: ஆழத்தில் இருக்கிற ஸ்க்ரூவை எட்டும், நேராக நிறுத்துவதும் சுலபம். கண்ணாடிக் கடையில் வைத்திருக்கிற ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடி பென்சில் பருமன்தான் இருக்கும். அந்தச் சின்ன ஸ்க்ரூவுக்கு அதிக விசை போய்விடக் கூடாது என்பதும் அதற்கு ஒரு காரணம்.

ஈரக் கையோடு ஹார்லிக்ஸ் பாட்டில் மூடியைத் திறந்து பார்த்திருப்பீர்கள். கை வழுக்கினால் எவ்வளவு பலம் இருந்தும் வீண். கைப்பிடியில் ரப்பர் பூசியிருப்பது அதற்காகத்தான். சென்னை வெயிலில் உள்ளங்கை வியர்க்கிற நாட்களில் அந்த ரப்பரின் அருமை தெரியும்.

ஆக, தடித்த கைப்பிடி விசையைத் தருகிறது, கம்பி அதைக் கொண்டு போகிறது, முனை அதை ஸ்க்ரூ தலைக்குக் கொடுக்கிறது. இந்தக் கடைசி இடத்தில்தான் எல்லாத் தகராறும்.

## மைனஸ்: பழையது, இன்னும் தேவைப்படுவது

ஒரே ஒரு நேர்கோட்டுப் பள்ளம், அதற்குத் தட்டையான முனை. ரம்பம் இருந்தால் போதும், யாரும் இந்தப் பள்ளத்தை வெட்டிவிடலாம். நூற்றாண்டுகளாக இதுதான் ஓடியது. பழைய தேக்கு அலமாரி, பித்தளைத் தாழ்ப்பாள், ஸ்விட்ச் போர்டுக்குள் வயரைப் பிடிக்கிற ஸ்க்ரூக்கள், தண்ணீர்க் குழாயில் ஹோஸ் மாட்டுகிற கிளிப் என்று இன்றைக்கும் நிறைய இடங்களில் இருக்கிறது.

இதில் கவனிக்க வேண்டியவை இரண்டு. முனையின் அகலம் பள்ளத்தின் நீளத்துக்குக் கிட்டத்தட்டச் சமமாக இருக்க வேண்டும், முனையின் தடிமன் பள்ளத்தின் அகலத்தை நிரப்ப வேண்டும். அகலத்தைப் பார்த்துவிட்டுத் தடிமனைப் பலர் பார்ப்பதே இல்லை. மெல்லிய முனை பள்ளத்துக்குள் கோணலாகத் திரும்பி, இரண்டு மூலைகளில் மட்டும் தொட்டுக்கொண்டு நிற்கும். மொத்த விசையும் அந்த இரண்டு புள்ளிகளில் இறங்கும், உலோகம் பிய்ந்துவிடும். முனை அகலமாக இருந்தால் தலைக்கு வெளியே நீட்டிக்கொண்டு சுற்றி மரத்தைக் கீறும்.

மைனஸின் இன்னொரு குறை, முனையை நடுவில் நிறுத்த அதில் எந்த ஏற்பாடும் கிடையாது. கொஞ்சம் அசந்தால் பக்கவாட்டில் வழுக்கி வெளியே போகும். ஸ்க்ரூவை இடது கையில் பிடித்துக்கொண்டு திருப்பும்போது உள்ளங்கையில் குத்து வாங்குவது இப்படித்தான். ஸ்க்ரூ இருக்கிற பொருளை மேசை மேல் வைத்துத் திருப்புங்கள், கையில் ஏந்தித் திருப்பாதீர்கள்.

## ஸ்டார்: அதன் குணமும் அதன் குறையும் ஒரே இடத்தில்

நாம் ஸ்டார் என்று சொல்வதற்கு உண்மையான பெயர் பிலிப்ஸ். அமெரிக்காவின் ஒரெகான் மாநிலத்து ஹென்றி பிலிப்ஸ், இன்னொருவர் கண்டுபிடித்த வடிவத்தின் உரிமையை வாங்கி, அதை மேம்படுத்தி, 1936இல் காப்புரிமை பெற்றார். அதே சமயத்தில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் தன் கேடிலாக் கார்களில் அதைப் பயன்படுத்தத் தொடங்க, அங்கிருந்து உலகம் முழுக்கப் பரவியது. கார் தொழிற்சாலைக்கு ஏன் அது பிடித்தது? வண்டி நகர்ந்துகொண்டே இருக்கிறது, தொழிலாளி மெஷினை ஸ்க்ரூ தலையில் வைத்த கணமே அது தானாக நடுவில் போய் உட்கார வேண்டும். மைனஸில் அது நடக்காது. பிலிப்ஸ் பள்ளம் உள்ளே போகப் போகக் குறுகுவதால், புனலில் விட்ட தண்ணீர் நடுவுக்கு வருவது போல முனையும் தானே நடுவுக்கு வந்துவிடும்.

பிலிப்ஸின் குறைபாட்டுக்கும் அந்தச் சரிவான சுவர்தான் காரணம். மரம் பிளக்கிற ஆப்பை நினைத்துப் பாருங்கள். ஆப்பின் பக்கங்கள் சரிவாக இருப்பதால் மேலிருந்து அடித்தால் மரம் பக்கவாட்டில் விலகுகிறது. அதையே திருப்பிப் போடுங்கள்: ஆப்பைப் பக்கவாட்டிலிருந்து நெருக்கினால் அது மேலே எகிறும், இல்லையா? பிலிப்ஸில் நடப்பது அதேதான். நாம் திருப்பும்போது முனையின் சரிவான பக்கம் பள்ளத்தின் சரிவான சுவரில் மோதுகிறது. அந்த மோதலில் ஒரு பங்கு ஸ்க்ரூவைச் சுற்றுகிறது, இன்னொரு பங்கு முனையை வெளியே தள்ளுகிறது. ஸ்க்ரூ எவ்வளவு இறுக்கமோ, தள்ளலும் அவ்வளவு. இதை எகிறல் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு எகிறலிலும் "டக்" என்று ஒரு சத்தம் கேட்கும், பள்ளத்தின் சுவர் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவப்படும். நாலு டக்குக்கு அப்புறம் அது கூட்டல் குறி இல்லை, குழி.

தொழிற்சாலையில் அளவுக்கு மேல் இறுகக் கூடாது என்பதற்காக வேண்டுமென்றே எகிறும்படி பிலிப்ஸை வடிவமைத்தார்கள் என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள். முதல் காப்புரிமைகளில் அப்படி ஒரு நோக்கம் சொல்லப்படவில்லை. பின்னால் 1949இல் வந்த மேம்பாட்டுக் காப்புரிமையில்தான் அந்தப் பேச்சு வருகிறது. காரணம் எதுவாக இருந்தாலும் நாம் செய்ய வேண்டியது ஒன்று: எகிறுகிற விசையை எதிர்த்து அழுத்த வேண்டும். இறுகிப்போன ஸ்க்ரூவைக் கழற்றும்போது கைப்பலத்தில் முக்கால் பங்கை அழுத்தவும் கால் பங்கைத் திருப்பவும் கொடுங்கள். எல்லோரும் செய்வது இதற்கு நேர் எதிர். பாதி அழுத்தி முழுப் பலத்தோடு முறுக்குகிறோம், அது தலையைச் சாப்பிட்டுவிடுகிறது.

பிலிப்ஸ் அளவைக் கைப்பிடியிலோ கம்பியிலோ பிஎச் என்ற இரண்டு எழுத்தும் ஓர் எண்ணும் போட்டு அச்சிட்டிருப்பார்கள். வீட்டு ஸ்க்ரூக்களில் பெரும்பாலானவை பிஎச் 2. மிக்ஸி அடிப்பாகம், கதவுக் கொக்கி, கம்ப்யூட்டர் கேபினெட் எல்லாம் அதில் அடங்கும். ரிமோட், பொம்மை பேட்டரி மூடிக்கு பிஎச் 1 அல்லது 0. லேப்டாப் அடிப்பக்கத்துக்கு 0 அல்லது 00. எண் கூடினால் முனை பெரிது, சைபர்கள் கூடினால் சிறிது. சந்தேகம் வந்தால் ஒரு சோதனை இருக்கிறது. பள்ளத்துக்குள் உட்காருகிற முனைகளிலேயே பெரியதை எடுத்து, ஸ்க்ரூவை அதில் பொருத்தி, லேசாக ஆட்டிப் பாருங்கள். ஆடாமல் நின்றால் அதுதான் ஜோடி. சிறிய முனை உள்ளே போகிறதே என்று திருப்பத் தொடங்குவதுதான் வீடுகளில் நடக்கிற முதல் தப்பு.

இதுவரை பார்த்தது: மைனஸில் முனை பக்கவாட்டில் வழுக்கும், பிலிப்ஸில் மேலே எகிறும். இரண்டுக்கும் மருந்து சரியான அளவு, நேரான பிடி, நல்ல அழுத்தம்.

## ஸ்டார் மாதிரியே இருக்கும், ஸ்டார் இல்லை

வேளச்சேரியில் சித்தப்பா பையன் வீட்டுக் கப்போர்டில் இருந்தது இந்த வகை. பெயர் போசிட்ரிவ். 1960களில் பிலிப்ஸின் எகிறலைக் குறைக்கவென்றே வந்தது. இதில் பள்ளத்தின் சுவர்கள் சரிவாக இல்லாமல் ஏறக்குறைய நேராக இருக்கும், கூட்டல் குறியின் நான்கு மூலைகளிலும் கூடுதலாக நான்கு சின்னப் பிடிமானங்கள் இருக்கும். அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம்: ஸ்க்ரூ தலையில் கூட்டல் குறிக்கு நடுநடுவே பெருக்கல் குறி போல நான்கு மெல்லிய கோடுகள் கீறியிருக்கும். மாட்யுலர் கிச்சன், கப்போர்டுகளில் வருகிற ஆட்டோ ஹிஞ்ச், பெட்டியில் பிரித்து வந்து நாம் பூட்டுகிற மேசை, அலமாரி இவற்றில் பெரும்பாலும் இதுதான். இதற்கான முனையில் பிஇசட் என்று இருக்கும், வீட்டு வேலைக்குப் பெரும்பாலும் பிஇசட் 2 போதும்.

இதில் ஏமாற்றுகிற விஷயம், பிலிப்ஸ் முனை போசிட்ரிவ் பள்ளத்துக்குள் போய்விடும். போனதும் பொருந்திவிட்டது என்று நினைப்போம். சரிவான முனை நேரான சுவரில் மேல் விளிம்பை மட்டும் தொட்டுக்கொண்டு நிற்கும், கொஞ்சம் அழுத்தித் திருப்பினால் விளிம்பு பறந்துவிடும். அவன் செய்தது அதுதான். கெட்டுப்போன ஸ்க்ரூவை விட்டுவிட்டு மற்ற ஏழையும் பிஇசட் 2 வைத்து நான் திருப்பினேன். ஒன்றுகூட எகிறவில்லை, அவனுக்கே ஆச்சரியம்.

அடுத்தது ஜப்பான் வகை. ஜப்பானியத் தொழில் தரவிதியின் பெயரால் ஜேஐஎஸ் என்பார்கள். இதுவும் கூட்டல் குறிதான், ஆனால் பள்ளத்தின் அடியும் சுவரின் சாய்வும் கொஞ்சம் வேறு. தலையில் ஒரு சின்னப் புள்ளி குத்தியிருந்தால் அது பெரும்பாலும் ஜேஐஎஸ். பைக் வைத்திருப்பவர்களுக்கு இது முக்கியம். 1985இல் வந்த யமஹா ஆர்எக்ஸ் 100 வண்டியை இன்னும் கண்ணாடி மாதிரித் துடைத்து வைத்திருப்பவர்கள் சென்னையில் ஏராளம். அந்த வண்டியின் எஞ்சின் கவர் ஸ்க்ரூக்களையும் கார்புரேட்டர் அடிக்கிண்ண ஸ்க்ரூக்களையும் பாருங்கள், பத்து வண்டியில் எட்டு வண்டியில் தலை நெளிந்திருக்கும். பிலிப்ஸ் முனை ஜேஐஎஸ் பள்ளத்தின் அடிவரை இறங்குவதில்லை, அதனால் சீக்கிரம் எகிறிவிடுகிறது. ஜேஐஎஸ் முனையோ பிலிப்ஸ் ஸ்க்ரூவிலும் ஓரளவு நன்றாகவே உட்காரும். பழைய ஜப்பான் வண்டியை நீங்களே பிரிக்கிறீர்கள் என்றால் ஒரு ஜேஐஎஸ் முனைக்குச் செலவழிப்பது வீண் போகாது.

## நிஜமான நட்சத்திரம்

இப்போது பெயர்க் குழப்பத்தின் உச்சத்துக்கு வருகிறோம். ஆறு இதழ் உள்ள பூ மாதிரி ஒரு பள்ளம் இருக்கிறது, அதற்குப் பெயர் டார்க்ஸ். 1967இல் அமெரிக்காவில் வந்தது. பார்த்தால் இதுதான் நட்சத்திரம். வெளிநாட்டுக்காரர்கள் ஸ்டார் என்று சொல்வதும் பெரும்பாலும் இதைத்தான். நம் ஹார்டுவேர் கடையில் ஸ்டார் கேட்டால் பிலிப்ஸ் வரும், ரிச்சி தெருவில் மொபைல் சர்வீஸ் செய்பவரிடம் ஸ்டார் கேட்டால் "எந்த ஸ்டார்?" என்று திருப்பிக் கேட்பார்.

டார்க்ஸின் சுவர்கள் செங்குத்தாக நிற்கும். சரிவு இல்லாததால் மேலே தள்ளுகிற விசை ஏறக்குறைய இல்லை, கொடுக்கிற விசை முழுக்கச் சுற்றுவதற்கே போகிறது. ஆறு இடத்தில் தொடுவதால் எந்த ஒரு புள்ளியிலும் பாரம் அதிகம் ஏறுவதில்லை. எல்லா வகையிலும் எனக்குப் பிடித்தது இதுதான், எல்லா ஸ்க்ரூவும் இப்படியே இருந்துவிட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைக்காத நாள் இல்லை. அளவு டி என்ற எழுத்தோடு வரும். ஹார்டு டிஸ்க் மூடிக்கு டி 8 போலச் சின்னது, ஈசிஆரில் ஓடுகிற கியர் சைக்கிள்களின் டிஸ்க் பிரேக் தட்டுக்கு டி 25. சிலவற்றில் பூவின் நடுவே ஒரு சின்ன முள் நிற்கும், கண்டவர்கள் கழற்றக் கூடாது என்பதற்காக. அதற்கு நடுவில் ஓட்டை போட்ட முனை வேண்டும்.

ஆலன் என்பது அறுகோணப் பள்ளம். அதற்கு எல் வடிவத்தில் வளைந்த கம்பியையே சாவியாக வைத்திருப்பார்கள். சைக்கிள் சீட்டு, ஹேண்டில்பார், பிரித்துப் பூட்டுகிற கட்டில் எல்லாம் இதுதான். மில்லிமீட்டரும் இஞ்சும் கலந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கிட்டத்தட்டப் பொருந்துகிற சாவி மூலைகளைத் தேய்த்துவிடும்.

ஐபோனின் அடியில் சார்ஜர் ஓட்டைக்கு இருபுறமும் இரண்டு சின்ன ஸ்க்ரூ இருக்கிறதே, அது ஐந்து இதழ், பென்டலோப். டார்க்ஸ் முனையை அதில் திணிக்காதீர்கள். நின்டென்டோ விளையாட்டுக் கருவிகளில் மூன்று கை உள்ள ட்ரைவிங். கனடாவில் ராபர்ட்சன் என்ற சதுரப் பள்ளம் 1908 முதல் புழக்கத்தில் இருக்கிறது, நல்ல வடிவம், ஆனால் நம் பக்கம் அபூர்வம்.

## டெஸ்டர்: விளக்கு எரியாவிட்டால் பயமில்லை என்று அர்த்தம் இல்லை

சென்னையில் ஸ்க்ரூ டிரைவரே இல்லாத வீட்டில்கூட ஒரு டெஸ்டர் இருக்கும், பெரும்பாலும் ஃபிரிட்ஜ் மேல். அதைப் பற்றிய தவறான நம்பிக்கைகள் உயிரோடு விளையாடுவதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

உள்ளே மூன்று சரக்குதான்: முனையோடு இணைந்த கம்பி, மின்சாரத்தைக் கடுமையாகத் தடுக்கிற ஒரு ரெசிஸ்டர், ஒரு குட்டி நியான் விளக்கு. அப்புறம் தலையில் நாம் விரல் வைக்கிற உலோக மூடி. மின்சாரம் வருகிற ஃபேஸ் வயரைத் தொட்டதும் மின்சாரம் முனை வழியாக ரெசிஸ்டருக்கும், அங்கிருந்து விளக்குக்கும், அங்கிருந்து நம் விரல் வழியாக உடம்புக்கும், உடம்பிலிருந்து தரைக்கும் போகிறது. ஆமாம், உண்மையிலேயே நம் உடம்பு வழியாகத்தான். 230 வோல்ட் வீட்டு மின்சாரத்தில் அந்த ரெசிஸ்டர் அதை ஒரு மில்லி ஆம்பியரில் சிறு பகுதியாகக் குறைத்துவிடுவதால் நமக்குத் தெரிவதில்லை. ரப்பர் செருப்பு போட்டிருந்தும் எரிகிறதே என்று கேட்கலாம். வீட்டு மின்சாரம் ஒரு நொடிக்கு 50 முறை முன்னும் பின்னும் ஆடுகிற வகை. அந்த ஆட்டம் செருப்பைத் தாண்டியும் மிகச் சிறிய அளவில் உடம்புக்கும் தரைக்கும் இடையே நடக்கும், நியான் எரிய அதுவே போதும்.

இதிலிருந்து புரிய வேண்டியது: அந்த ஒரு ரெசிஸ்டர்தான் நமக்கும் 230 வோல்ட்டுக்கும் நடுவே நிற்கிற சுவர். டெஸ்டர் நனைந்திருந்தால், விரிசல் விட்டிருந்தால், தண்ணீர் அந்தச் சுவரைச் சுற்றிக்கொண்டு போகலாம். மழைக்காலத்தில் ஈரக் கையோடு தொடவே தொடாதீர்கள். விளக்கு எரியவில்லை என்பதும் மின்சாரம் இல்லை என்பதற்குச் சான்று ஆகாது. பல்பு கெட்டிருக்கலாம், பகல் வெளிச்சத்தில் அந்த மங்கல் சிவப்பு தெரியாமல் போயிருக்கலாம். முதலில் மின்சாரம் இருப்பது நிச்சயமாகத் தெரிந்த ஒரு ப்ளக் பாயின்ட்டில் வைத்து எரிகிறதா என்று பாருங்கள், அப்புறம் வேலை செய்கிற இடத்தைப் பாருங்கள், அதற்குப் பிறகும் எம்சிபியை, அதாவது மின்சாரத்தைத் துண்டிக்கிற ட்ரிப் ஸ்விட்சை, இறக்காமல் ஸ்க்ரூவில் கை வைக்காதீர்கள். டெஸ்டரை வைத்து இறுகிய ஸ்க்ரூவை முறுக்குவதும் வேண்டாம், அந்த பிளாஸ்டிக் உடல் அதற்குச் செய்யப்பட்டது இல்லை.

பிளாஸ்டிக் கைப்பிடி இருந்தால் ஷாக் அடிக்காது என்பதும் தப்பு. சாதாரண ஸ்க்ரூ டிரைவரில் கம்பி முழுக்க வெறும் இரும்பு, விரல் அதில் படாமல் யாரும் திருப்புவதில்லை. மின் வேலைக்கென்றே வருகிறவற்றில் முனை தவிரக் கம்பி முழுக்கக் காப்பு உறை இருக்கும், இரட்டை முக்கோணக் குறியும் 1000 வோல்ட் என்ற எழுத்தும் அச்சிட்டிருக்கும். எலக்ட்ரீஷியன் வேலை கற்றுக்கொள்கிற பிள்ளைகளுக்கு அதைத்தான் முதலில் வாங்கிக் கொடுக்க வேண்டும்.

## எதை வாங்குவது

முப்பது துண்டு அடங்கிய பளபளப்புப் பெட்டி வேண்டாம். மலிவான பெட்டிகளில் இரும்பு மிருதுவாக இருக்கும், முனை நாலாவது ஸ்க்ரூவிலேயே உருண்டுவிடும். உருண்ட முனை நல்ல ஸ்க்ரூவையும் கெடுக்கும், அதனால் அதைத் தூக்கிப் போட்டுவிடுவதே நல்லது. ஒரு வீட்டுக்கு பிஎச் 2, பிஎச் 1, பிஇசட் 2, ஐந்தாறு மில்லிமீட்டர் அகல மைனஸ், மூன்று மில்லிமீட்டர் மைனஸ், ஒரு டெஸ்டர், ஒரு கொத்து ஆலன் கீ இருந்தால் தொண்ணூறு சதவீத வேலை முடிந்துவிடும். கம்பியை உருவித் திருப்பிச் செருகினால் ஒரு பக்கம் மைனஸ், மறுபக்கம் பிலிப்ஸ் வருகிற டூ இன் ஒன் வாடகை வீட்டுக்காரர்களுக்கு வசதி. லேப்டாப், கண்ணாடி, பொம்மை பார்ப்பவர்கள் தலை சுழல்கிற சின்னச் செட் ஒன்று தனியாக வைத்துக்கொள்ளலாம். சிங்க்குக்கு அடியில், ஸ்டவ்வுக்குப் பின்னால் இடுக்கில் வேலை என்றால் உள்ளங்கைக்குள் அடங்குகிற குட்டை ஸ்க்ரூ டிரைவர்.

கடையில் கேட்கும்போது ஸ்க்ரூவையே கழற்றிக் கையில் கொண்டு போங்கள். முடியாவிட்டால் தலையை நெருக்கமாக ஒரு போட்டோ.

## கடற்காற்றும் துருவும், தலை போன ஸ்க்ரூவும்

திருவான்மியூர், பெசன்ட் நகர், ராயபுரம் பக்கம் கடற்கரைக்கு அருகில் குடியிருப்பவர்களுக்கு இந்தப் பகுதி. உப்புக் காற்று ஈரத்தோடு சேர்ந்து சாதாரண இரும்பு ஸ்க்ரூவை ஓரிரு வருடத்தில் தின்றுவிடும். அலுமினிய ஜன்னலில் இரும்பு ஸ்க்ரூ போட்டிருந்தால் இன்னும் மோசம், இரண்டு உலோகத்துக்கும் நடுவே உப்பு ஈரம் நின்றால் அது ஒரு சின்ன பேட்டரி மாதிரி ஆகி அரிப்பை வேகப்படுத்தும். கொசு வலைச் சட்டத்தைக் கழற்றப் போனால் எல்லாமே ஒட்டிக்கொண்டிருக்கும்.

முதல் வேலை, பள்ளத்தைச் சுத்தம் செய்வது. பெயின்ட்டும் துருவும் அடைத்திருந்தால் முனை பாதிதான் இறங்கும். ஒரு குண்டூசியால் கிளறி எடுங்கள். அப்புறம் துரு இளக்குகிற எண்ணெய் தெளித்து ஒரு ராத்திரி விடுங்கள். மறுநாள் சரியான முனையை வைத்து, சுத்தியால் கைப்பிடியின் தலையில் இரண்டு மூன்று தட்டு, லேசாக. அந்த அதிர்ச்சியில் துருவின் பிடி விடும், முனையும் அடிவரை இறங்கும். கைப்பிடி வரை கம்பி ஓடுகிற ஸ்க்ரூ டிரைவராகப் பார்த்துத் தட்டுங்கள், வெறும் பிளாஸ்டிக் உடைந்துவிடும். அடுத்து, கழற்றுகிற பக்கம் திருப்புவதற்கு முன் இறுக்குகிற பக்கம் ஒரு மயிரிழை திருப்புங்கள். துரு விரிசல் விட்டதும் கழற்றுகிற பக்கம் வருவது சுலபம். புதுப்பேட்டை மெக்கானிக்குகள் இம்பாக்ட் டிரைவர் என்று கனமான ஒன்று வைத்திருப்பார்கள். அதைச் சுத்தியால் அடித்தால் உள்ளே இருக்கிற சரிவு அடியைச் சுழற்சியாக மாற்றும், அதே கணத்தில் முனையை உள்ளே அழுத்தியும் பிடிக்கும். அதனால் எகிறுவது மிகவும் குறைவு. ஆர்எக்ஸ் 100 எஞ்சின் கவர் ஸ்க்ரூவுக்கு அதைவிட நல்ல கருவி இல்லை.

தலை ஏற்கெனவே பாதி போயிருந்தால், முனைக்கும் பள்ளத்துக்கும் நடுவில் ஒரு ரப்பர் பேண்டை விரித்து வைத்து அழுத்தித் திருப்பிப் பாருங்கள், அது இடைவெளியை நிரப்பும். லேசான இறுக்கத்துக்கு இது போதும். தலை வெளியே துருத்திக்கொண்டிருந்தால் வைஸ் கிரிப் என்கிற, கவ்வியதும் பூட்டிக்கொள்கிற இடுக்கியைப் போட்டுப் பக்கவாட்டில் கவ்விச் சுற்றலாம், அல்லது ஹாக்ஸா பிளேடால் தலையின் குறுக்கே ஒரு கோடு அறுத்து அதை மைனஸ் ஸ்க்ரூவாக மாற்றிவிடலாம். வேளச்சேரியில் நான் இந்தக் கடைசி வழியைத்தான் செய்தேன், ஹிஞ்ச்சில் கீறல் படாமல் இருக்க இரண்டு பக்கமும் செல்லோ டேப் ஒட்டிக்கொண்டு அறுத்தேன்.

வெளியே வந்ததும் அந்த ஸ்க்ரூவை மறுபடி போடாதீர்கள். வெளிப்பக்கத்து வேலைகளுக்கு எஸ்எஸ், அதாவது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்க்ரூ கேட்டு வாங்குங்கள். கடையில் வழக்கமாகத் தருவது 304 வகை, கடற்கரையை ஒட்டிய பால்கனிக்கு 316 கிடைத்தால் உப்பை அது இன்னும் நன்றாகத் தாங்கும். மரையில் துளி கிரீஸ் தடவி, முதல் இரண்டு சுற்றைக் கையாலேயே ஏற்றி, அப்புறம் ஸ்க்ரூ டிரைவரை எடுங்கள்.